தம்பிட விரல் ரெண்டு மில்லுல போயிட்டு, முதலாளி பேப்பர்ல சைன் வைக்கச் சொல்றார், என்ன செய்யிற?

களுதாவளை அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். எங்க போய் கேக்கிற எண்டு தெரியாமத்தான் இஞ்ச எழுதுறன், நீளமா போனா குறை நினைக்காதீங்க.

என்ட தம்பிக்கு 23 வயசு. ஏ.எல். எடுத்திட்டு சும்மா இருந்த பொடியன், ரெண்டு வருசமா சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லுல வேலைக்கு நிக்கான். நாள்கூலி. சனிக்கிழமை பின்னேரம் காசு கையில, சிட்டையும் இல்ல ஒண்டும் இல்ல, ஈபிஎஃப், அதான் ஊழியர் சேமலாப நிதி, எண்டா என்னெண்டே அவனுக்குத் தெரியா. மூண்டு கிழமைக்கு முதல் நெல்ல மேல ஏத்திற எலிவேட்டர்ல நெல்லு இறுகிட்டு எண்டு மெசின நிப்பாட்டாம கைய விட்டு இழுக்கப் போய், பெல்ட்டு இழுத்து வலக்கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிட்டு. மில்லு ஆக்கள்தான் வேனுல ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனவங்க, அதுக்கு நன்றி சொல்லத்தான் வேணும். ஆனா வாட்டுல அட்மிட் பண்ணக்குள்ள கூடப்போன சூப்பவைசர் "வீட்ட வச்சு வெட்டுப்பட்டது" எண்டு சொல்லியிருக்கார், தம்பி அந்த நோவுல வாயே திறக்கல்ல. ஆஸ்பத்திரி டிக்கட்லயும் அப்பிடித்தான் எழுதியிருக்காம்.

போன கிழமை முதலாளி வீட்ட வந்தவர், ஹோர்லிக்ஸும் வாழைப்பழமும் கொண்டு. முதல் நாளே செலவுக்கெண்டு 25,000 குடுத்தவர். இப்ப இன்னும் 50,000 தாறன், ஆனா ஒரு பேப்பர்ல சைன் வைக்கணும் எண்டார். "இதோட மில்லுக்கும் எனக்கும் ஒரு கணக்கும் இல்ல, பிறகு நட்டஈடு எண்டு கேக்க மாட்டன்" அப்பிடி எழுதியிருக்கு. தம்பிக்கு வலக்கையில கட்டு, அதால பெருவிரல் அடையாளம் வச்சாலும் காணுமாம்.

அம்மா வச்சுக்குடு எண்டு சொல்றா. வெள்ளத்துக்க எங்களுக்கு அரிசி மூட்டை தந்த மனுசன் அவர், அவரோட பகைக்கிறதா எண்டு கேக்கிறா. தம்பி சொல்றான் "என்ட பிழைதானே, நான்தானே மெசின நிப்பாட்டல்ல" எண்டு. எனக்குத்தான் மனசு ஒத்துக்கொள்ளுதில்ல, 23 வயசுப் பொடியன்ட வலக்கை 75,000 தானா?

நாள்கூலிக்காரனுக்கு கவர்மெண்ட்ல இதுக்கெண்டு ஏதும் இருக்கா? லேபர் ஒபிஸ் எண்டு சொல்றாங்களே, அங்க போனா நாங்க கேஸ் போட்ட மாதிரி ஆயிருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாவிக்கரையான்:

அக்கா முதல்ல ஒண்டு, அந்தப் பேப்பர்ல யாரும் கை வைக்காதீங்க. பெருவிரலும் இல்ல, சுண்டு விரலும் இல்ல. மற்றத பொறகு பேசலாம். எனக்கு சட்டம் தெரியா, ஆனா 75,000 தாறவன் எதுக்கு பேப்பர் கேக்கிறான் எண்டு யோசிச்சாலே விளங்குமே.

பென்சன் கிளாக்கர்:

தங்கச்சி, நான் லேபர் ஒபிசில கனகாலம் கிளாக்கரா இருந்து இப்ப வீட்டோட இருக்கிற ஆள். எங்கட ஆக்கள் இந்த விசயத்துல மூண்டு நாலு சாமான ஒண்டாப் போட்டுக் குழப்பிறது வழக்கம், அதால ஒள்ளுப்பம் விரிவாவே எழுதுறன்.

நீங்க கேக்கிறதுக்குப் பேர் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன்ட காலத்துச் சட்டம், 1934ம் ஆண்டு 19ம் இலக்கம். பழசெண்டு நினைக்காதீங்க, பலதரம் திருத்தி இப்பயும் நடைமுறையில இருக்கு. இதுக்கெண்டு ஒரு ஆணையாளர் இருக்கார், அவர்ட ஒபிஸ் கொழும்புல நாரஹேன்பிட்டியில. ஆனா நீங்க உடன கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்ல. முதல் வாசல் உங்கட பக்கத்து லேபர் ஒபிஸ்தான். மில்லு சம்மாந்துறைப் பக்கம் எண்டா அம்பாறை மாவட்டம், அதால கல்முனையில கேளுங்க. வீடு களுதாவளை எண்டதுக்காக மட்டக்களப்புக்கு போனா அவங்களும் அங்கதான் போகச் சொல்லுவாங்க, வேலை செய்த இடத்த வச்சுத்தான் பாக்கிற.

நாள்கூலி எண்டதால உரிமை இல்லாமப் போறதில்ல. லெட்டர் இல்லாட்டியும் காரியமில்ல, வாயால பேசின வேலையும் வேலைதான். முதலாளிட தொழிலுக்காக நிண்டு வேலை செஞ்சவனா, அதுதான் கேள்வி. மில்லுல நெல்லு இழுத்தவன் மில்லுத் தொழிலுக்கு வேலை செய்யாம வேற என்னத்துக்கு? முதலாளிட வீட்டு மதிலுக்கு ஒரு நாளைக்கு பெயின்ட் அடிக்கப் போனவன் எண்டா கதை வேற.

அடுத்தது "என்ட பிழை" எண்ட கதை. தம்பிக்கு இத நல்லா விளங்கப்படுத்துங்க. இந்தச் சட்டத்துல முதலாளிட பிழைய நீங்க நிரூபிக்கத் தேவையில்ல. வேலை நேரத்துல, வேலையால நடந்த விபத்தா, மூண்டு நாளைக்கு மேல உழைக்க ஏலாமப் போனதா, அவ்வளவுதான். வெறியில நிண்டா, பாதுகாப்புக்கெண்டு தெளிவாப் போட்ட கட்டளைய வேணுமெண்டு மீறினா, மெசினுக்குப் போட்ட மூடிய வேணுமெண்டு கழட்டினா, அப்ப மட்டும்தான் முதலாளி தப்பலாம். சாவு எண்டு வந்தா அந்தக் காரணங்களும் செல்லாது. அவசரத்துல கை விட்டது கவலையீனம், கவலையீனம் வேற வேணுமெண்டு செய்யிறது வேற. ஆனா "மெசின நிப்பாட்டிட்டுத்தான் கை வைக்கணும் எண்டு நாங்க சொன்னனாங்க" எண்டு மில்லுப் பக்கம் சொல்லத்தான் பாக்கும். அப்பிடி அங்க எழுதி ஒட்டியிருந்ததா, யாரும் சொன்னவங்களா, மூடி எண்டு ஒண்டு இருந்ததா எண்டு தம்பிக்கிட்ட இப்பவே கேட்டு எழுதி வைங்க. ரெண்டு மாசம் போனா அவனுக்கே மறந்திரும்.

பேப்பர் விசயம். நட்டஈட்ட விட்டுக்குடுக்கிறன் எண்டு வேலையாள் வைக்கிற சைன் சட்டத்துல செல்லாது. நீங்களும் முதலாளியும் ஒரு தொகைக்கு ஒத்து வந்தாக்கூட அந்த ஒப்பந்தம் ஆணையாளருக்கிட்ட போய் பதியணும், காணாது எண்டு பட்டா அவர் பதியாம விடலாம். செல்லாதுதானே எண்டுட்டு வச்சுக் குடுத்திராதீங்க, வச்சா பொறகு அத உடைக்கிறதுக்கு ஒரு வருசம் அலையணும். 25,000 வாங்கினது பிழையில்ல, எந்தத் திகதி யார் கையால என்னத்துக்கு தந்தது எண்டு ஒரு கொப்பியில குறிச்சு வைங்க.

எவ்வளவு கிடைக்கும் எண்டு கேப்பீங்க. சட்டத்துட பின்பக்கம் அட்டவணை இருக்கு, எந்த உறுப்பு போனா உழைக்கிற சக்தி எத்தின வீதம் குறையும் எண்டு. அந்த வீதத்தையும் மாதச் சம்பளத்தையும் வச்சு கணக்கு வரும், நாள்கூலியையும் மாசத்துக்கு மாத்தித்தான் பாக்கிற. கட்டோட வீட்ட இருக்கிற காலத்துக்கு அரை மாசத்துக்கு ஒருக்கா குடுக்கிற கொடுப்பனவும் இருக்கு. ஆகக்கூடின தொகை 2005ல இருந்து ஐந்தரை லட்சமாத்தான் கிடந்தது, 2022 திருத்தத்துல 20 லட்சமாக்கினாங்க. உடன 20 லட்சம் எண்டு கனவு காணாதீங்க, அது உச்சம். ரெண்டு விரலுக்கு அது வராது. ஆனா 75,000 எண்டு அவர் தன்ட வாயால சொல்ற கணக்குக்கு அட்டவணையில ஒரு இடமும் இல்ல.

இனி முக்கியமான இடம், அந்த "வீட்ட வச்சு நடந்தது" எண்ட எழுத்து. இதத்தான் நீங்க நாளைக்கே பாக்கணும், மற்ற எல்லாம் அதுக்குப் பிறகு. தம்பியக் கூட்டிக்கொண்டு பொலிசுக்கு போய் உண்மையா எங்க, எத்தின மணிக்கு, எப்பிடி நடந்தது எண்டு ஒரு முறைப்பாடு போடுங்க. ஆரையும் சிறைக்கு அனுப்பிற முறைப்பாடு இல்ல அது, நடந்தத பதியிறது. அங்க சட்ட வைத்தியப் பரிசோதனைக்கு ஃபோம் தரச் சொல்லிக் கேளுங்க, அதோட ஆஸ்பத்திரியில சட்ட வைத்திய அதிகாரிய, அதுதான் ஜே.எம்.ஓ., பாக்கலாம். முதல்ல ஏன் வேற மாதிரி சொன்ன எண்டு அவர் கேப்பார். உள்ளத உள்ளபடி சொல்லட்டும், நான் சொல்லல்ல, கூட வந்தவர் சொன்னவர், எனக்கு நோவுல பேச ஏலாமப் போயிட்டு எண்டு. டாக்டர்மார் இத எத்தின தரம் கேட்டிருப்பாங்க.

மில்லுல அண்டைக்கு கூட நிண்ட பொடியன்மாரிட பேர், வேனோட்டினவர்ட பேர், சூப்பவைசரிட போன்ல இருந்து அண்டைக்கு வந்த கோல், வட்ஸ்அப் வொய்ஸ், மில்லுல நிண்டு எடுத்த பழைய போட்டோ எல்லாம் சேருங்க. முதலாளிக்கு விபத்தப் பற்றி ஒரு கடிதம் எழுதி பதிவுத்தபால்ல போடுங்க, மரியாதையாவே எழுதுங்க, துண்டக் கவனமா வைங்க. காலக்கெடு இருக்கு, கட்டு அவிழட்டும் பாப்பம் எண்டு இருக்காதீங்க.

கல்முனைக் காளை:

கிளாக்கர் ஐயா சொல்றது எல்லாம் புத்தகத்துல சரி. நான் ஊர்ல இருக்கிறத சொல்றன். லேபர் ஒபிசுக்கு போனான் எண்டு பேர் வந்தா அந்தப் பொடியன இந்தப் பக்கத்துல ஒரு மில்லும் எடுக்காது. எல்லா முதலாளிமாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம். ஃபைல் கொழும்புக்கு போகும், அங்க இருந்து ஒரு கடிதம் வரும், அதுக்கு ஒரு நாள் லீவு, பஸ் காசு, சோத்துக் காசு, போனா "அடுத்த தவணை". 75,000 கையில இருந்தா ஒரு கோழிக்கூடாவது போடலாம். எனக்கு அக்காவோட கோவம் இல்ல, உண்மைய சொன்னன்.

மில் நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். 31 வருசம் மில்லுலயே கிடந்தவன் நான், அவியல் தொட்டியில இருந்து பொலிஷர் வரைக்கும் எல்லாத்துலயும் நிண்டிருக்கன், என்ட இடது உள்ளங்கையிலயும் ஒரு தழும்பு இரிக்கி, அதால எழுதுறன்.

தங்கச்சி, உங்கட தம்பி செஞ்சத நாங்க எல்லாரும் செஞ்சிருக்கம். அறுவடை நேரம் லொறி வரிசையில நிக்கும், ஈர நெல்லு எலிவேட்டர்ல இறுகும், மெசின நிப்பாட்டித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா கால் மணித்தியாலம் போகும், அதுக்குள்ள "டேய் என்ன பாத்துக்கிட்டு நிக்காய்" எண்டு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் கை உள்ள போற. எனக்கு தொழில் பழக்கின மனுசன் ஒண்டு செல்லித் தந்தார், மெயின் சுவிட்ச்ச ஓஃப் பண்ணினா காணாது, பியூசக் கழட்டி உன்ட சட்டப் பையில போட்டுட்டுத்தான் கை வைக்கணும் எண்டு. சுவிட்ச்ச வேற ஒருத்தன் தெரியாம போட்டிருவான், பியூஸ் உன்ட பையில இருந்தா அல்லாஹ்வைத் தவிர ஒருத்தரும் போட ஏலாது. எனக்கு தழும்பு வந்தது அந்தப் பாடத்துக்கு முதல்.

ஆனா பொடியன்மாருக்கு புத்தி செல்லிட்டு நிக்கிறதும் சரியில்ல. 1942ம் ஆண்டு தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு இரிக்கி, அதுல பெல்ட்டு, பெல்ட்டு ஓடுற கப்பி, ஷாஃப்ட் எல்லாத்துக்கும் கை போகாத மாதிரி மூடி போடணும் எண்டு முதலாளிக்குத்தான் செல்லியிரிக்கி. எங்கட பக்கத்து மில்லுகள்ல மூடி இரிக்கும், மூலையில. கழுவக்குள்ள கழட்டினது, திரும்பப் போட நேரமில்ல. நெல்லு அவிக்கிற பொய்லரையும் அதிகாரம் உள்ள ஆளக் கொண்டு செக் பண்ணணும், அது வெடிச்சா ரெண்டு விரலோட நிக்காது.

கிளாக்கர் ஐயா செல்லாம விட்ட ஒண்டு. ஒரு வேலையாள் மூண்டு நாளைக்கு மேல வேலைக்கு வர ஏலாத மாதிரி விபத்து நடந்தா, மில்லுக்காரர் அத தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்துல அறிவிக்கணும். இந்த முதலாளி அறிவிச்சிரிக்க மாட்டார் எண்டு நான் அடிச்சு செல்றன். "வீட்ட வச்சு நடந்தது" எண்ட கதை அதுக்குத்தான். அவருக்கு உங்கட 75,000 பயம் இல்ல, இஞ்சினியர் வந்து மூடி எங்க, பதிவு எங்க எண்டு கேட்டா மில்லு நிக்குமே எண்ட பயம்.

இன்னொண்டு. கொஞ்சம் பெரிய மில்லுகள் வேலையாள் நட்டஈட்டுக்கெண்டு இன்சூரன்ஸ் எடுத்து வச்சிரிக்கும். சில நேரம் பாங்க்ல லோன் எடுக்கக்குள்ளயே மற்ற இன்சூரன்சோட எடுத்திருப்பாங்க, முதலாளிக்கே ஞாபகம் இருக்காது. அவரிட்ட பகையில்லாம ஒரு வார்த்தை கேளுங்க, "நானா, உங்களுக்கு இன்சூரன்ஸ் இரிக்கா, இருந்தா உங்கட பையில இருந்து போகத் தேவையில்லையே" எண்டு. நானும் ஒரு மில்லுல இப்பிடிக் கேட்டுத்தான் ஒரு பொடியனுக்கு முடிஞ்சது, முதலாளியும் பொடியனும் இப்பயும் கதை பேச்சுத்தான்.

படுவான்கரை மகள்:

கல்முனைக் காளை அண்ணன் சொன்னதுக்காக எழுத வந்தன், கோவத்துல இல்ல.

எங்கட அப்பா மேசன் பாசோட, அதான் தலைமை மேசனோட, கையாளா போறவர். மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஒரு மூண்டு மாடி கட்டுக்குள்ள சாரத்துல இருந்து விழுந்து ஆறாம் நாள் செத்துப்போனார். பாஸும் எங்கட ஊர்தான், அவரும் அழுதார், செத்தவீட்டுச் செலவெல்லாம் அவர்தான் பாத்தவர். பெட்டி தூக்கினதோட ஒரு லட்சம் தந்தார். நாங்களும் அம்மாவும் அது பெரிய காசு எண்டு இருந்தம். "கேஸ் போட்டா பாஸ்தான் மாட்டுவார், அவரும் நம்மட்ட ஆள்" எண்டு சொந்தக்காரர் சொன்னாங்க, காளை அண்ணன் சொன்ன அதே கதை.

ஒரு வருசம் கழிச்சுத்தான் சட்ட உதவி ஆணைக்குழுவில ஒரு மிஸ் சொன்னா, வேலைய பாசுக்கு கொந்தராத்துக்கு குடுத்த கொம்பனியும் பொறுப்புத்தான் எண்டு, அந்த வேலை கொம்பனிட தொழில் எண்டா வேலையாள் நேரா கொம்பனிக்கிட்டயே கேக்கலாம், கொம்பனி பொறகு பாசோட கணக்கு தீர்க்கட்டும். அதோட சாவு எண்டா நட்டஈட்ட குடும்பத்துக்கு கையில குடுக்கிறதில்ல, ஆணையாளருக்கிட்ட வைப்புச் செய்யணும், அவர்தான் மனிசி பிள்ளைகளுக்கு பிரிச்சுக் குடுக்கிற. எங்களுக்கு இது ஒண்டும் தெரியா. அதுக்குள்ள கட்டடம் முடிஞ்சு, கூட வேலை செஞ்ச ரெண்டு பேர் கட்டாருக்கு போய், சாட்சிக்கு ஆளில்லாம அலைஞ்சதுதான் கனக்க. கடைசியில ஏதோ கிடைச்சது. கிடைச்சது சின்னக் காசில்ல, ஆனா அந்த ஒரு வருசத்த நாங்க விட்டிருக்கக்கூடா.

பாசோட இப்பயும் கதைக்கிறம். அவர் என்ட கலியாணத்துக்கு வந்தவர்.

இன்னொண்டு அக்கா, சட்டத்தரணி பிடிச்சு கோட்டுல பெரிய வழக்கு போடலாம் எண்டு சில பேர் ஆசை காட்டுவாங்க. அதுவும் இதுவும் ரெண்டும் எடுக்க ஏலாது, ஒண்டத்தான் எடுக்கலாம். எங்களுக்கு சொன்னது, கோட்டுக்கு போனா முதலாளிட பிழைய நாங்க நிரூபிக்கணும், இதுல அது தேவையில்ல.

கல்முனைக் காளை:

தங்கச்சி, அப்பாட விசயம் கேட்டு கவலையா இருக்கு. நான் சொன்னத வாபஸ் வாங்கல்ல, வேலை எடுக்க மாட்டாங்க எண்டது உண்மை. ஆனா சாவு வீட்டுக்கு வந்த பிறகும் அப்பிடி சொல்ற ஆள் நான் இல்ல.

ஷிப்ட் பிள்ள:

இடையில கேக்கிறதுக்கு சொறி. நான் கார்மண்ட்ல, ஆறு மணி ஷிப்டுக்கு விடிய வெள்ளன சைக்கிள்ல போகக்குள்ள ஒரு லொறி தட்டி கால் முறிஞ்சது. கொம்பனியில சொல்றாங்க கேட்டுக்கு வெளியில நடந்தது எங்கட பொறுப்பில்லயாம். சரியா அது?

பென்சன் கிளாக்கர்:

பிள்ள, முந்தி அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு இருந்தாங்க. அதே 2022 திருத்தத்துல வீட்ட இருந்து வேலைக்கு போகக்குள்ளயும் வேலை முடிஞ்சு வீட்ட வரக்குள்ளயும் நடக்கிற விபத்தையும் உள்ள எடுத்திட்டாங்க. ஆனா வழியில மச்சாள் வீட்ட போய் தேத்தண்ணி குடிச்சிட்டு, வேற வேலைக்கு அலைஞ்சிட்டு போனா கேள்வி வரும். பொலிஸ் ரிப்போட் கட்டாயம் எடுங்க, ஷிப்ட் நேரத்துக்கு அட்டண்டன்ஸ் கொப்பி கேளுங்க. லொறிக்காரன்ட இன்சூரன்சும் தனியா இருக்கு, அது வேற வழி. நீங்க ஒரு புதுக் கேள்வியா போடுங்க, இதுக்குள்ள போட்டா களுதாவளை அக்காட கதை தொலைஞ்சிரும்.

களுதாவளை அக்கா:

எல்லாருக்கும் நன்றி, ராவு முழுக்க வாசிச்சன். மில் நானா எழுதின பியூஸ் கதைய தம்பிக்கு வாசிச்சுக் காட்டினன், "மில்லுல ஒருத்தரும் எனக்கு இது சொல்லல்ல" எண்டான். மூடி எண்டு ஒண்ட அவன் கண்டதே இல்லயாம்.

கிளாக்கர் ஐயா, ரெண்டு கேள்வி. லேபர் ஒபிசுக்கு போனா ஈபிஎஃப் பற்றியும் சொல்லலாமா, இல்ல அது சொன்னா முதலாளி இன்னும் கோவிப்பாரா? அடுத்தது, காசு வரும் வரைக்கும் தம்பி என்னத்த வச்சு சாப்பிடுற?

பென்சன் கிளாக்கர்:

ஈபிஎஃப் தனி முறைப்பாடு, தனி ஃபைல். முதல் நாள்ல இருந்தே கட்டியிருக்கணும், நாள்கூலிக்கும் உண்டு, முதலாளி பங்கு 12 வீதம், தம்பிட பங்கு 8, அதோட ஈ.ரி.எஃப்., அதான் ஊழியர் நம்பிக்கை நிதி, 3 வீதம் முழுசா முதலாளிட. கட்டியிருந்தா ஈ.ரி.எஃப்.ல ஆஸ்பத்திரி, அங்கவீனம் எண்டு சில உதவிகள் இருக்கு, கட்டாததால அதுவும் போச்சு, இதையும் சேர்த்துத்தான் நீங்க அந்த 75,000த்துக்கு எதிரா வைச்சுப் பாக்கணும். கோவிப்பாரா எண்டா கோவிப்பார். ஆனா ஈபிஎஃப் முறைப்பாட்டால ஒரு நன்மையும் இருக்கு, லேபர் ஒபிசர் மில்லுக்குப் போய் சம்பளக் கொப்பியப் பாக்கக்குள்ள தம்பி அங்க வேலை செஞ்சவன் எண்டது தானா எழுத்துல வந்திரும். நட்டஈட்டுக்கு நீங்க தேடி அலையிற சாட்சி அதுதான். நானா இருந்தா ரெண்டையும் ஒரே நாள்ல குடுப்பன்.

இடைக்காலத்துக்கு, முதலாளிக்கிட்ட அரை மாசக் கொடுப்பனவ உரிமையாக் கேளுங்க, பிச்சையா இல்ல. டி.எஸ். ஒபிசில, அதான் பிரதேச செயலகத்துல, சமூக சேவை உத்தியோகத்தரையும் ஒருக்கா பாருங்க, அங்கவீனம் நிரந்தரம் எண்டு டாக்டர் எழுதினா அங்கயும் சில திட்டம் இருக்கு, வருமானத்தப் பாத்துத்தான் குடுப்பாங்க. ஜீ.எஸ்., அதான் கிராம சேவகர், கடிதம் கேப்பாங்க, வெள்ளனவே எடுத்து வைங்க. கட்டு அவிழ்ந்த பிறகு முதலாளி வேலையால நிப்பாட்டினா அது இன்னொரு விசயம், தொழில் நியாயசபைக்கு ஆறு மாசத்துக்குள்ள போகணும், இப்ப அத யோசிச்சு தலைய வெடிக்க வைக்காதீங்க.

ஒண்டு மட்டும், லேபர் ஒபிசில குடுக்கிற ஒவ்வொரு பேப்பருக்கும் போட்டோ கொப்பி எடுத்து, அங்கயே திகதி சீல் குத்தி வாங்குங்க. நான் கதிரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள், ஃபைல் எப்பிடித் தொலையும் எண்டு எனக்குத் தெரியும். கடிதம் சிங்களத்துல மட்டும் வந்தா தமிழ்ல தாங்க எண்டு எழுதிக் கேளுங்க, கேட்டா தருவாங்க, கேக்காட்டி ஒருத்தரும் தானா மாத்த மாட்டாங்க.

வாவிக்கரையான்:

1919க்கு அடிச்சாலும் தமிழ்ல பேசலாம் அக்கா, கவர்மெண்ட் தகவல் நிலையம். எந்த ஒபிஸ் எங்க, என்ன நம்பர் எண்டு சொல்லுவாங்க. லேபர் ஒபிசுக்கு போறதுக்கு முதல் கேட்டுப் பாருங்க, சும்மா போய் பூட்டின கதவப் பாத்துட்டு வராம.

களுதாவளை அக்கா:

அஞ்சு கிழமைக்குப் பிறகு வாறன், பிந்தினதுக்கு மன்னிக்கணும்.

பொலிசுல போட்டாச்சு. முதல்ல "இதென்ன மூண்டு கிழமைக்குப் பிறகு" எண்டு கேட்டாங்க, தம்பி நடந்தத சொன்னான், எழுதினாங்க. ஜே.எம்.ஓ. டாக்டர் நல்ல மனுசன், கைய திருப்பித் திருப்பிப் பாத்திட்டு "இது வீட்டுக் கத்தி செய்யிற காயம் இல்ல தம்பி" எண்டு அவரே சொல்லிட்டார், எனக்கு அந்த இடத்துல அழுகை வந்திட்டு. லேபர் ஒபிசில ரெண்டு ஃபைலும் குடுத்தாச்சு, சீல் குத்தியும் வாங்கியாச்சு, கிளாக்கர் ஐயா சொன்ன மாதிரி.

முதலாளி பதிவுத்தபால் கிடைச்ச அண்டைக்கே வந்தார். இந்த முறை ஹோர்லிக்ஸ் இல்ல. சத்தம் போட்டார், அம்மா உள்ள போயிட்டா. நான் மில் நானா சொன்னத அப்பிடியே கேட்டன், நானா உங்களுக்கு இன்சூரன்ஸ் இரிக்கா எண்டு. மனுசன் ஒரு நிமிசம் பேசாம நிண்டு, "பாத்து சொல்றன்" எண்டுட்டு போனார். ரெண்டு நாளைக்குப் பிறகு மகன் கோல் எடுத்தார், ஏதோ ஒரு பொலிசி இருக்காம், தம்பிட பேர் வேலையாள் லிஸ்டுல இல்லயாம், அதால கொம்பனி என்ன சொல்லுமெண்டு தெரியாதாம். இருந்தாலும் அரை மாசக் காசு ஒருக்கா அனுப்பியிருக்கார். முடிவு வரல்ல இன்னும், கொழும்புல இருந்து ஒரு கடிதம் வந்திருக்கு, அடுத்த மாசம் விசாரணை.

மூடி போட்டிருக்காம் இப்ப. தம்பியோட நிண்ட பொடியன் போட்டோ அனுப்பினவன், மஞ்சப் பெயின்ட் அடிச்சு.

ஒரு சின்னச் சிக்கல். தம்பி இப்ப இடக்கையால சைன் வைக்கப் பழகுறான், லேபர் ஒபிஸ் ஃபோமுக்கும் அப்பிடித்தான் வச்சான், ஐடென்டி காட்ல இருக்கிறதோட ஒத்து வருகுதில்ல. பிரச்சினை வருமா?

பென்சன் கிளாக்கர்:

லேபர் ஒபிசில வராது, காயத்தக் காட்டினா விளங்கும். பாங்க்லதான் வரும். செக் வந்த பிறகு போய் கவுண்டர்ல நிண்டு சண்டை பிடிக்காம, டயக்னோசிஸ் காட்டையும் ஐடென்டி காட்டையும் கொண்டு போய் இப்பவே அவன்ட கணக்குல புதுச் சைன பதிஞ்சிட்டு வாங்க. கொப்பி எடுக்க மறக்காதீங்க.